சின்ன டேப்லெட் என்றால் மட்டமான டேப்லெட் என்று யார் முடிவு செய்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறேன். போன்கள், மடிக்கணினிகள் பற்றி விரிவாக எழுதுகிறீர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டேப்லெட் என்று வந்துவிட்டால் 10, 11 அங்குலத் திரை உள்ளவற்றைப் பற்றி மட்டும்தான் பேச்சு. 8 அங்குலத்தை ஒட்டிய சிறிய ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளுக்குக் கட்டுரையின் கடைசியில் 'குழந்தைகள் கார்ட்டூன் பார்க்க வாங்கித் தரலாம்' என்கிற மாதிரி ஒரு வரி கிடைத்தால் பெரிய விஷயம். நான் தினமும் படிப்பதே இந்த அளவு டேப்லெட்டில்தான். அதன் அருமையும் தெரியும், அது படுத்தும் பாடும் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. போன் 6.7 அங்குலம், டேப்லெட் 8.7 அங்குலம், இரண்டு அங்குலத்துக்காகத் தனியாக ஒரு சாதனம் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த அளவு திரையின் மூலைக்கு மூலை குறுக்காக அளந்தது. இன்றைய போன்கள் எல்லாம் ஒடிசலாக நீண்டவை, அவற்றின் திரை அகலம் சுமார் 7 சென்டிமீட்டர்தான். 8.7 அங்குல டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 11 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மொத்தப் பரப்பைக் கணக்குப் போட்டால் போனைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தமிழ் படிப்பவர்களுக்கு இந்த அகலம் ரொம்ப முக்கியம், ஏனென்றால் நம் சொற்கள் நீளமானவை. 'கொண்டிருக்கிறார்கள்' மாதிரி இரண்டு சொல் வந்தாலே போனில் ஒரு வரி முடிந்துவிடும், கண் வரிக்கு வரி குதித்துக்கொண்டே இருக்கும். டேப்லெட்டில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டாலும் ஒரு வரியில் நாலைந்து சொற்கள் தாராளமாக நிற்கும், ஒரு கட்டுரையைக் கட்டுரையாகவே படிக்கலாம்.

எடையையும் சேர்த்துப் பாருங்கள். போன் சுமார் 200 கிராம், சிறிய டேப்லெட் 330 கிராம் வாக்கில், 11 அங்குல டேப்லெட் என்றால் 500 கிராமை நெருங்கும், அதற்கு உறை போட்டால் இன்னும் கூடும். சோபாவில் சாய்ந்துகொண்டு அரை மணி நேரம் ஒரு கையில் பிடித்துப் படித்துப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் என்னவென்று மணிக்கட்டே சொல்லிவிடும். பெரிய டேப்லெட்டை மேசையில் சாய்த்து வைத்தால்தான் வசதி. சிறியதைப் புத்தகம் மாதிரி கையில் பிடிக்கலாம், பக்கவாட்டில் விரல் மடித்துக்கொள்ளும், சின்னக் கைப்பைக்குள்ளும் போய்விடும். இன்னொன்று, அதில் அழைப்பு வராது. சிம் போடாமல் வைஃபை மட்டும் உள்ளதாக வாங்கி, அரட்டைச் செயலிகளை ஏற்றாமல் விட்டால், படிக்கும்போது நடுவில் யாரும் தோளைத் தட்டுவதில்லை. எனக்கு இதுதான் இந்தச் சாதனத்தின் முதல் பலம்.

இப்படி ஒரு பொருத்தமான அளவு ஏன் மலிவுச் சரக்காக மாறியது என்பதுதான் என் ஆதங்கம். எப்போதும் இப்படி இருக்கவில்லை. 2010-ல் சாம்சங் முதல் கேலக்ஸி டேபைக் கொண்டுவந்தபோது அது 7 அங்குலம்தான். அதே வருடம் அக்டோபரில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், 7 அங்குல டேப்லெட்டுகள் போனோடு போட்டி போடப் பெரிதாகவும் ஐபேடோடு போட்டி போடச் சிறிதாகவும் இருப்பதாக வெளிப்படையாகத் தாக்கிப் பேசினார். இரண்டே வருடத்தில், 2012 நவம்பரில், ஆப்பிளே 7.9 அங்குல ஐபேட் மினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குச் சில மாதம் முன்புதான் கூகுளும் ஏசஸும் சேர்ந்து நெக்ஸஸ் 7 என்ற டேப்லெட்டை விட்டிருந்தன. அதன் 2013 மாடலில் 1920×1200 பிக்சல் (திரையை உருவாக்கும் சிறு புள்ளி) திரை, ஒரு அங்குலத்துக்கு 323 பிக்சல், எடை 290 கிராம். சரி, பத்து வருடம் தள்ளி வருவோம். 2023-ல் வந்த சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9-ல் திரை 8.7 அங்குலம், 1340×800 பிக்சல், அங்குலத்துக்கு 179 பிக்சல்தான், எடை 332 கிராம். இது விலை குறைந்த பிரிவில் வரும் மாடல், அதை மறைக்கவில்லை. ஆனால் பத்து வருடத்துக்கு முன்பு நெக்ஸஸும் மலிவாகத்தான் விற்றது. நடுவில் போன் திரைகள் எங்கேயோ போய்விட்டன, சிறிய டேப்லெட்டின் திரை மட்டும் பின்னால் நடந்திருக்கிறது.

179 பிக்சல் என்றால் படிப்பவருக்கு என்ன ஆகும்? வீடியோ பார்க்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆங்கில எழுத்துகளும் சமாளித்துவிடும். தமிழ் எழுத்துகளில்தான் சிக்கல். நமக்குச் சுழிகள் அதிகம், மெய்யெழுத்தின் மேலே புள்ளி இருக்கிறது, ண-வுக்கும் ன-வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். எழுத்து சிறிதாக இருந்தால் அந்தச் சுழிகளை வரைய பிக்சல் போதாமல் ஓரங்கள் மங்கி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். க-வா க்-ஆ என்று கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். எழுத்தின் அளவைக் கூட்டினால் தெளிவாகிவிடும், உண்மைதான், ஆனால் அப்படிக் கூட்டும்போது பெரிய திரை கொடுத்த இடத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. உங்கள் விமர்சனங்களில் 'எச்டி திரை' என்று ஒரு சொல்லில் முடித்துவிடாமல், ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, நடுத்தர அளவு எழுத்தில் அது எப்படித் தெரிகிறது என்று எழுதினால் வாங்குகிறவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்!

எழுத்தின் அளவு என்றதும் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், இது பலருக்குத் தெரிவதில்லை. ஆண்ட்ராய்டில் எழுத்தை மட்டும் பெரிதாக்கும் அமைப்பு தனியாக இருக்கிறது, திரையில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கும் அமைப்பு தனியாக இருக்கிறது. திரையின் குறுகிய பக்கம் 600 'டிபி' என்ற அலகுக்குக் குறையாமல் இருந்தால்தான் பெரும்பாலான செயலிகள் அதை டேப்லெட் என்று எடுத்துக்கொண்டு, இடப்பக்கம் பட்டியல் வலப்பக்கம் விவரம் என்று இரண்டு பத்தியாகக் காட்டும். பெரிய டேப்லெட்டுகள் இந்த 600-ஐ எளிதாகத் தாண்டிவிடும். சிறியவை சரியாக விளிம்பில் நிற்கின்றன. பெற்றோருக்குக் கண் தெரிய வேண்டுமே என்று யாராவது எல்லாவற்றையும் பெரிதாக்கும் அமைப்பை ஒரு படி ஏற்றினால் போதும், கணக்கு 600-க்குக் கீழே இறங்கி, அந்த டேப்லெட் பெரிய போன் மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்துவிடும். பொத்தான்கள் ஊதிப்போய், பாதித் திரை வெறுமையாகக் கிடக்கும். அதனால் முதலில் எழுத்தின் அளவை மட்டும் கூட்டிப் பாருங்கள், மற்றதைத் தொடாதீர்கள். ஏற்கெனவே போன் மாதிரி தெரிகிறதென்றால் எல்லாவற்றையும் பெரிதாக்கும் அமைப்பை ஒரு படி குறைத்துப் பார்த்தால் பல செயலிகள் திருந்திவிடும்.

செயலிகள் பக்கம் நிலைமை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2011-ல் டேப்லெட்டுக்கென்றே ஆண்ட்ராய்டு 3.0 வந்தது, அப்புறம் கூகுள் இந்தப் பக்கத்தை வருடக்கணக்கில் கவனிக்கவில்லை. 2022-ல் ஆண்ட்ராய்டு 12எல் பதிப்பில்தான் மறுபடி பெரிய திரைகளுக்கான வேலை ஆரம்பித்தது. ஆண்ட்ராய்டு 16-ல் அந்தப் பதிப்பைக் குறிவைத்து எழுதப்படும் செயலிகள், 600 டிபி-க்கு மேலான திரைகளில் 'நான் நிமிர்ந்துதான் நிற்பேன்' என்று பொதுவாக அடம்பிடிக்க முடியாது, விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு. நல்ல மாற்றம். ஆனால் இதன் பலன் அந்தப் பதிப்பு வந்து சேரும் டேப்லெட்டுகளுக்குத்தானே கிடைக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதில்தான் பெரிய ஏமாற்றமே. கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது எல்லா டேப்லெட்டும் வேகமாகத்தான் ஓடும். ஒரு வருடம் கழித்து ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு மாறவே திணறும். பழியைப் பிராசசர் மேல் போடுவார்கள். பல நேரங்களில் காரணம் சேமிப்பகமும் ரேமும். மலிவு டேப்லெட்டுகளில் இன்னமும் இஎம்எம்சி வகைச் சேமிப்பகம்தான் அதிகம். அது ஒரு நேரத்தில் ஒன்று படிக்கும் இல்லையென்றால் எழுதும், இரண்டையும் சேர்த்துச் செய்யாது. நல்ல போன்களில் உள்ள யுஎஃப்எஸ் வகை இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும். பின்னணியில் ஒரு செயலி அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும்போது முன்னால் பக்கம் திறக்க அடம்பிடிக்கிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். சேமிப்பகம் நிரம்ப நிரம்ப இது இன்னும் மோசமாகும். முதல் நெக்ஸஸ் 7 நாளாக ஆக மெதுவானதாக அந்தக் காலத்தில் பரவலாகப் புகார் எழுந்தது. அழித்த இடத்தைச் சேமிப்பகத்துக்குத் தெரிவித்துச் சுத்தம் செய்யும் வசதி 2013-ல் ஆண்ட்ராய்டு 4.3-ல் வந்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் தெளிந்தது. இப்போது அந்த வசதி எல்லாவற்றிலும் இருக்கிறது, ஆனாலும் காலியிடம் வேண்டும். 64 ஜிபியில் நாலில் ஒரு பங்காவது காலியாக வைத்திருங்கள் என்று கேட்பவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மெமரி கார்டு போடும் இடம் இருப்பது சிறிய டேப்லெட்டுகளின் நல்ல குணம், இயர்போன் துளையும் பெரும்பாலானவற்றில் இன்னும் இருக்கிறது. விலை உயர்ந்த போன்கள் கைவிட்ட இரண்டையும் இவை விடாமல் வைத்திருப்பதற்கு நன்றி சொல்ல வேண்டும். படங்கள், பாட்டு, புத்தகங்கள், தரவிறக்கிய வீடியோக்கள் எல்லாவற்றையும் கார்டில் தள்ளிவிடலாம். ஆனால் கார்டு போட்டால் சேமிப்பகப் பிரச்சினையே தீர்ந்தது என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். செயலிகள் பெரும்பாலும் உள் சேமிப்பகத்தில்தான் உட்காரும், அங்கே இடம் இல்லையென்றால் கார்டில் எவ்வளவு இருந்தும் பயனில்லை. ரேம் 4 ஜிபி என்பது படிக்கவும் வீடியோ பார்க்கவும் போதும், திரையைப் பிரித்து இரண்டு செயலி வைத்து வேலை செய்ய நினைத்தால் போதாது. 8 அங்குலத்தில் திரையைப் பிரிப்பதே இடுக்கில் நிற்பது மாதிரிதான், அதற்காக இதை வாங்க வேண்டாம்.

நிறுவனங்களால் செய்ய முடியாது என்பதும் இல்லை. லெனோவோவின் லீஜியன் டேபைப் பாருங்கள், 8.8 அங்குலம், குறைந்தது 2560×1600 பிக்சல், ஸ்னாப்டிராகன் 8 வரிசைப் பிராசசர், எடை 350 கிராம் அளவுதான். அதை விளையாட்டுப் பிரியர்களுக்கென்று விற்கிறார்கள். இன்னொரு பக்கம் புத்தகம் மாதிரி மடிக்கும் போன்கள். அவற்றை விரித்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் 7.6-லிருந்து 8 அங்குலம் வரையிலான திரை. அதாவது இந்த அளவுத் திரைக்கு மக்கள் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பார்கள் என்று நிறுவனங்களுக்கே தெரியும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் ஒரு நல்ல திரை, நடுத்தரமான பிராசசர், வேகமான சேமிப்பகம், நியாயமான விலை என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் நடுவில் ஒன்றும் இல்லை. ஒன்று அடிமட்டம், இல்லையென்றால் உச்சம். இந்த இடைவெளியைப் பற்றி உங்களைப் போன்ற பத்திரிகைகள் எழுதினால்தான் யாராவது காதில் வாங்குவார்கள்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேமரா ஆவணங்களைப் படம் பிடிக்கப் போதும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். முன் கேமரா பெரும்பாலும் குறுகிய பக்கத்தில் இருப்பதால், படுக்கைவாட்டில் வைத்து வீடியோ அழைப்பு பேசினால் நீங்கள் எங்கேயோ பக்கத்தில் பார்ப்பது போலத் தெரியும். வெளிச்சத்தை அளக்கும் உணரி சில மலிவு மாடல்களில் இருக்காது, பிரகாசத்தை நாமே கூட்டிக் குறைக்க வேண்டும், இரவில் படிப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. வெயிலில் திரை தெரியாது. நாவல்களை மட்டும் மணிக்கணக்கில் படிப்பவராக இருந்தால் மின்மைத் (இ-இங்க்) திரை உள்ள வாசிப்பான் கண்ணுக்கு இதமானது, வெயிலிலும் தெரியும், ஆனால் செய்தித்தாள், படங்கள், பிடிஎஃப் என்று கலந்து படிப்பவர்களுக்கு அதன் மெதுவான திரை சரிப்படாது. திரைப்படச் செயலிகளுக்காக வாங்குகிறவர்கள் வைட்வைன் (படங்களைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் கூகுளின் முறை) எல்1 சான்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்3 மட்டும் இருந்தால், திரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பல சேவைகள் குறைந்த தரத்தில்தான் காட்டும். இது பெட்டியின் மேல் எழுதியிருக்காது, உங்கள் விமர்சனத்தில் எழுதியிருக்கலாம்.

பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன ஏ9-ல் உள்ள 5,100 மில்லி ஆம்பியர்-மணி என்பது இன்றைய போன் பேட்டரியின் அளவுதான், திரையோ இரு மடங்கு. இருந்தும் படிப்பதற்கு ஒரு நாள் முழுக்கத் தாங்குகிறது, காரணம் பின்னணியில் ஓயாமல் வேலை செய்யும் அழைப்பும் அலைவரிசைத் தேடலும் இதில் இல்லை. பேட்டரி கெடுவது உபயோகத்தால் மட்டும் இல்லை, கவனிக்காமல் கிடப்பதாலும்தான். போனைத் தினமும் தொடுகிறோம், டேப்லெட்டை ஒரு வாரம் அலமாரியில் போட்டுவிடுகிறோம். ஒன்று அது சுத்தமாக இறங்கிப்போய் அப்படியே கிடக்கும், இல்லையென்றால் சார்ஜரிலேயே 100 சதவீதத்தில் நாள்கணக்கில் இருக்கும். லித்தியம் பேட்டரிக்கு இரண்டுமே ஆகாது, வெப்பமும் சேர்ந்தால் உப்பிவிடலாம். 80 அல்லது 85 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் அமைப்பு பல டேப்லெட்டுகளில் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். பேட்டரி போனால் மாற்றுவது இன்னொரு கதை. நான் வைத்திருந்த பழைய டேப்லெட்டுக்குப் பேட்டரி மாற்றக் கேட்டபோது, அந்த மாடலுக்கு உதிரிபாகம் வருவதில்லை, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். திரை நன்றாக இருந்தது, உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஒரு பேட்டரிக்காக மொத்தமும் குப்பைக்குப் போனது. இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு விதி வந்துவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் போன்களும் டேப்லெட்டுகளும், பேட்டரி 800 முறை சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும். முக்கியமான உதிரிபாகங்கள், அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 வருடம் கிடைக்க வேண்டும். மென்பொருள் அப்டேட் குறைந்தது 5 வருடம், அதுவும் விற்பனை நின்ற நாளிலிருந்து எண்ணி. கடைசி வார்த்தைதான் முக்கியம். மற்ற இடங்களில் பெரும்பாலும் மாடல் அறிமுகமான நாளிலிருந்து எண்ணுகிறார்கள். சிறிய டேப்லெட்டுகளைப் புதுப்பிக்காமல் ஒரே மாடலை இரண்டு மூன்று வருடம் விற்பது சகஜம், அதனால் இன்று 'புதிது' என்று வாங்கும் டேப்லெட்டுக்கு அப்டேட் காலத்தில் பாதி ஏற்கெனவே தீர்ந்திருக்கலாம். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன சாதனத்தில் வங்கி வேலை பார்ப்பது ஆபத்து, பழைய ஆண்ட்ராய்டு என்று சில செயலிகளே திறக்க மறுத்துவிடும். படிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான்.

ஆகவே உங்களிடம் என் கோரிக்கை இரண்டு. டேப்லெட் விமர்சனம் எழுதும்போது விலைக்குப் பக்கத்திலேயே அந்த மாடல் எப்போது அறிமுகமானது, பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம் வரை வரும், சேமிப்பகம் எந்த வகை, பேட்டரி மாற்ற முடியுமா என்று நான்கு தகவலைப் போடுங்கள். முடிந்தால் அதே டேப்லெட்டை ஆறு மாதம் பயன்படுத்திவிட்டு மறுபடியும் ஒரு பத்தி எழுதுங்கள். பெட்டியைப் பிரித்த அன்று எழுதுகிற விமர்சனம், மேலே சொன்ன எந்தக் குறையையும் காட்டிக்கொடுக்காது.

இரண்டாவது உங்கள் இ-பேப்பரைப் பற்றி. அச்சுப் பக்கத்தை அப்படியே படமாகத் தருகிறீர்கள். ஏ4 அளவு பிடிஎஃப் என்றாலே 8.7 அங்குலத் திரையில் நிமிர்த்திப் பார்த்தால் பாதியளவுக்குச் சுருங்கும், 12 புள்ளி எழுத்து 6, 7 புள்ளியாகத் தெரியும். ஆனால் டேப்லெட்டைப் படுக்கைவாட்டில் திருப்பினால் அகலம் 19 சென்டிமீட்டர், ஏ4 கிட்டத்தட்ட முழு அளவில் வந்துவிடும், பக்கத்தை இரண்டு மூன்று பகுதியாக நகர்த்திப் படிக்கலாம். பிடிஎஃப் படிப்பவர்கள் எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும். செய்தித்தாள் பக்கத்துக்கு இந்த உத்தியும் பலிக்காது, அது ஏ4-ஐவிட அவ்வளவு பெரிது. பெரிதாக்கி, நகர்த்தி, பத்தி எங்கே தொடர்கிறது என்று தேடி, மறுபடி மேலே போய் என்று ஒரு செய்தியைப் படிப்பதற்குள் அலுத்துவிடுகிறது. ஒரு செய்தியைத் தொட்டால் அது தனி எழுத்தாக, திரை அகலத்துக்கு ஏற்ப வரி மடங்கி வரும்படி செய்யுங்கள். எழுத்தின் அளவை வாசகரே கூட்டிக்கொள்ளட்டும். படமாக வரும் பக்கத்தில் திரைவாசிப்பான் எழுத்துகளைச் சரியாகப் படித்துக்காட்டாது, அதனால் பார்வைக் குறைபாடு உள்ள வாசகர்களுக்கும் இது பெரிய உதவி. எப்போது செய்ய முடியும் என்று உங்கள் பத்தியில் ஒரு வரி பதில் எழுதினால் மகிழ்ச்சி.

இப்படிக்கு,
தினமும் டேப்லெட்டில் உங்கள் நாளிதழைப் படிக்கும் வாசகர்